கீமோவோடு இம்யூனோவும் தொடங்கப் போகிறார்களா? வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதுரையில் ஒரு மருத்துவமனையின் டே-கேர் வார்டில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். ஸ்மால் செல் நுரையீரல் புற்றுநோய், அதுவும் பரவிய நிலை என்று கேட்டுவிட்டு, ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வந்து உட்காரும் குடும்பங்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சிஸ்டர், கீமோ மட்டும் போதாதா, இந்த இம்யூனோ எதுக்கு?" என்பதுதான். இம்யூனோ என்பது இம்யூனோதெரபி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து.

இந்த நோய் மிக வேகமாக வளரும். வேகமாக வளர்வதாலேயே கீமோவுக்கு உடனே அடங்கும். முதல் இரண்டு சுற்றிலேயே இருமல் குறைந்து, முகவீக்கம் வடிந்து, ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். நம் உடம்பின் காவல் அணுக்களை "நான் நம்ம ஆள்தான்" என்று ஏமாற்றி நிறுத்தும் பூட்டு ஒன்று புற்றுச் செல்லிடம் இருக்கிறது. அட்டிசோலிசுமாப், டுர்வாலுமாப் போன்ற இம்யூனோ மருந்துகள் அந்தப் பூட்டை மறிக்கின்றன. கீமோ கட்டியைச் சுருக்க, உடம்பின் சொந்தக் காவலும் வேலையில் இறங்குகிறது.

எவ்வளவு பலன் என்பதை நான் மறைக்காமல் சொல்லிவிடுவேன். 2018-இல் வெளிவந்த, 403 பேரை வைத்துச் செய்த ஆய்வில், கீமோவோடு அட்டிசோலிசுமாப் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 12.3 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு அது 10.3 மாதம். இரண்டு மாதம்தானா என்று மனசு விட்டுப்போகும். ஆனால் டுர்வாலுமாப் ஆய்வில் மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்த்து எடுத்தவர்களில் 17.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், கீமோ மட்டும் எடுத்தவர்களில் 5.8 சதவீதம் பேர். பலருக்குப் பலன் கொஞ்சம்தான், சிலருக்கு நிறைய. அந்தச் சிலரில் நம் ஆள் இருப்பாரா என்று முன்கூட்டிச் சொல்லும் டெஸ்ட் இன்னும் கைக்கு வரவில்லை.

பணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். இம்யூனோ கீமோவைவிடப் பல மடங்கு விலை, அதுவும் தொடர்ந்து வாங்க வேண்டியது. காப்பீட்டில் எது வரும், மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் சேர முடியுமா என்று முதல் டோஸுக்கு முன்பே கேட்க வேண்டும். முடியாதென்றால் கீமோ மட்டும் எடுப்பதும் சிகிச்சைதான், யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. நிலத்தை விற்கும் முன் மேலே சொன்ன கணக்கை டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். இன்னொரு டாக்டரிடம் கேட்பதென்றால் இரண்டு மூன்று நாளுக்குள் கேட்டு முடித்துவிடுங்கள். மூச்சுத் திணறலோடு அவசரமாக வருபவர்களுக்கு முதல் சுற்றில் கீமோவை மட்டும் ஏற்றிவிட்டு, இரண்டாம் சுற்றில் இம்யூனோவைச் சேர்ப்பதும் உண்டு.

தொடங்கும் முன் ரத்த அணு, கிட்னி, கல்லீரல், சர்க்கரை, தைராய்டு, மஞ்சள் காமாலை பி, மூளைக்கு எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்ப்பார்கள். கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தின் அளவைக் கிட்னி வேலை செய்வதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். முடக்குவாதம், சோரியாசிஸ், பழைய டி.பி., உறுப்பு மாற்று, ஸ்டீராய்டு மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். நாற்காலியிலிருந்து எழவே தொடையில் பலமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோயோடு சேர்ந்து வரும் ஒரு நரம்புக் கோளாறு அப்படித்தான் தலைகாட்டும். அது இருந்தால் இம்யூனோ கொடுப்பதா என்று டாக்டர் யோசிப்பார்.

ஒரு சுற்று 21 நாள். முதல் நாள் இம்யூனோ, அடுத்து கார்போபிளாட்டின், அப்புறம் எட்டோபோசைடு என்ற இன்னொரு கீமோ மருந்து. இரண்டாம், மூன்றாம் நாள் எட்டோபோசைடு மட்டும். அதனால் மூன்று நாளும் வர வேண்டும். தேனி, கம்பம் பக்கமிருந்து வருபவர்கள் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்குவது நல்லது. எட்டோபோசைடை வேகமாக ஏற்றினால் பிரஷர் இறங்கும். "சீக்கிரம் விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் எங்களைக் கேட்காதீர்கள். ஊசி போட்ட இடம் எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கூப்பிடுங்கள். வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் மருந்து மலத்தைக் கட்டிவிடும். இரண்டாம் நாளே வாழைப்பழம், வெந்நீர், தேவைப்பட்டால் டாக்டர் எழுதிய மலமிளக்கி என்று ஆரம்பித்துவிடுங்கள்.

இப்படி நான்கு சுற்று. பிறகு கீமோ நின்றுவிடும், இம்யூனோ தொடரும்.

இனி வீட்டில் பார்க்க வேண்டியது. கீமோ செய்யும் தொல்லைக்கு நாள் கணக்கு உண்டு, இம்யூனோ செய்யும் தொல்லைக்கு அது கிடையாது. என் நோயாளிகளின் வீட்டில் தினசரி காலண்டரில் கீமோ போட்ட நாளை 1 என்று எழுதி, 21 வரை வரிசையாக எண் போடச் சொல்வேன். ஏழிலிருந்து பதினான்கு வரை சிவப்பு மை. அந்த நாட்களில் வெள்ளை அணு இறங்கியிருக்கும். தெர்மாமீட்டரில் 100.4 காட்டினால் பாரசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் கேஷுவாலிட்டிக்குக் கிளம்ப வேண்டும். அங்கே போய், "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "கீமோ போட்டுப் பத்தாவது நாள், காய்ச்சல், வெள்ளை அணு பார்க்கணும்" என்று சொல்லுங்கள்.

இம்யூனோ அப்படியில்லை. உசிலம்பட்டியில் கடை வைத்திருந்த ஓர் ஐயா, நான்கு சுற்றும் நல்லபடியாக முடித்து, தனி இம்யூனோவில் மூன்றாம் மாதம் இருந்தார். ஒருநாள் அவர் மகள் போன் செய்து, "அக்கா, அப்பாவுக்கு ஒரு வாரமா வயிற்றுப்போக்கு, மாத்திரை வாங்கிக் கொடுத்தும் நிக்கல" என்றாள். எத்தனை முறை என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒன்பது. கீமோ நின்று மூன்று மாதமாயிற்றே, சாப்பாட்டுக் கோளாறாகத்தான் இருக்கும் என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். ஊரில் பார்த்த டாக்டரிடம் இம்யூனோ எடுப்பதைச் சொல்லவே இல்லை. தூண்டிவிட்ட காவல் அணுக்கள் அவருடைய குடலையே தாக்கிக்கொண்டிருந்தன. போக்கை நிறுத்தும் மாத்திரை அதை மறைத்ததே தவிர ஆற்றவில்லை. அட்மிட் செய்து, ஸ்டீராய்டு கொடுத்த நாலாம் நாள்தான் எழுந்து இட்லி கேட்டார்.

அன்றிலிருந்து எல்லோரிடமும் சட்டைப் பைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறேன்: மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, எங்கள் வார்டு நம்பர். எந்த டாக்டரிடம் போனாலும், பல்லைப் பிடுங்கப் போனாலும், முதலில் அந்தச் சீட்டு. இம்யூனோவை நிறுத்திச் சில மாதம் ஆன பிறகும் தொல்லை வரலாம், அதனால் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எப்போது போன் செய்வது என்று கேட்பார்கள். வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் வெளியே போனால், மலத்தில் ரத்தம் இருந்தால் அன்றைக்கே. புதிதாக வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் இளைப்பு என்றால் அன்றைக்கே. இதைத்தான் நம் ஊரில் சளி, டி.பி. என்று நினைத்து நாளைக் கடத்துகிறார்கள். நுரையீரலே வீங்கியிருக்கலாம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண் மஞ்சளானால், உடம்பெல்லாம் தடித்தால், தாகமும் சிறுநீரும் திடீரென்று கூடினால், எழவே முடியாத அசதி வந்தால் அப்போதும் போன் செய்யுங்கள். பேச்சு உளறினால் போனில் நிற்காமல் நேராக அழைத்து வாருங்கள். இந்த நோயில் ரத்தத்தில் உப்பு இறங்குவது சகஜம், நோய் மூளைக்குப் போவதும் உண்டு.

ஸ்டீராய்டு தொடங்கினால் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சரியாகிவிட்டது என்று நீங்களே நிறுத்தினால் தொல்லை திரும்பி வரும், சில சமயம் முன்னைவிட மோசமாக.

கீமோ முடிந்த பிறகு ஒரு நாள் வேலைதான். அட்டிசோலிசுமாப் என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, டுர்வாலுமாப் என்றால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. காலையில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வந்ததும் சுமார் ஒரு மணி நேரம் மருந்து ஏறும். முடி திரும்ப முளைக்கும், நாக்கில் ருசி வரும். ஸ்கேன் நாட்களையும் அதே காலண்டரில் குறித்து வையுங்கள். நம் உசிலம்பட்டி ஐயாவுக்கு இம்யூனோவை நிறுத்திவிட்டோம். ஸ்கேனுக்கு வரும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, நான் கேட்கும் முன்பே மேஜைமேல் வைக்கிறார். மடித்த இடம் கிழிந்துவிட்டது. போன தடவை புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.