ஊர்ப்பேருக்குள் ஒளிந்திருக்கும் மக்களைக் கண்டுபிடிப்பது எப்படி

முப்பத்தோரு வருஷம் கோத்தகிரியில் தபால் பிரித்தவன் நான். நாள் முழுக்கக் கண்ணில் ஊர்ப்பேர்தான். 'கோட்டை இருந்த கிரி, அதான் கோத்தகிரி' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோட்டையில்லை, கோத்தர் மலை. இரும்பும் மண்ணும் வனைந்த அந்த மக்கள் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

முதலில், பேர் பழைய காலத்தில் எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். உதகமண்டலத்தைப் பிரித்து 'உதகம் என்றால் தண்ணீர்' என்று ஆரம்பிக்க வேண்டாம். 1821-ல் சென்னைப் பத்திரிகையில் அது 'வோட்டோக்கிமண்ட்'. கடைசியில் நிற்பது தோடர்களின் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு.

அடுத்தது, வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த எழுத்து ஓங்குகிறது? இதை எனக்குப் புரியவைத்தது பிரான்ஸ். மகள் பூர்ஜ் நகரத்தில் இருக்கிறாள். சுற்றுவட்டாரத்துக்குப் பேர் பெரி. இரண்டும் ஒரே பேர் என்றால் நம்புவீர்களா? கோல் நாட்டுப் (பழங்காலப் பிரான்ஸ்) பழங்குடியான பிதூரிகேஸ்தான் இரண்டுக்கும் மூலம். 'தூ'வை அழுத்திச் சொன்னவர்கள் வாயில் அது பூர்ஜ் ஆனது. 'ரி'யை அழுத்தியவர்கள் வாயில் பெரி ஆனது. 'உலகத்தின் அரசர்கள்' என்று அந்தப் பேருக்குப் பொருள் சொல்கிறார்கள்.

இனி, அந்த ஊருக்கு அதற்கு முன் என்ன பேர் என்று தேடுங்கள். பூர்ஜுக்கு ஆற்றின் பேரால் வந்த அவாரிக்கும் என்ற பேர் இருந்தது. கி.மு. 52-ல் சீசர் வருகிறார். எதிரிக்குச் சோறு கிடைக்கக் கூடாதென்று பிதூரிகேஸ் மக்கள் ஒரே நாளில் தங்கள் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களைக் கொளுத்தினார்கள். அவாரிக்கும் ஒன்றை மட்டும் மற்ற கோல் மக்களின் காலில் விழுந்து காப்பாற்றிக்கொண்டார்கள். சீசர் அதைப் பிடித்தார். நாற்பதாயிரம் பேரில் தப்பியவர்கள் எண்ணூறு என்று அவரே எழுதியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஆனாலும் பிற்கால ரோம ஆட்சியில் ஆற்றின் பேர் மறைந்து அந்த மக்களின் பேரே ஊருக்கு நின்றது. பாரிஸ், தூர், லிமோழ் எல்லாம் இதே கதைதான்.

நகரத்தின் பேரும் வட்டாரத்தின் பேரும் ஒரே இனத்தில் போய் முடிந்தால் உங்கள் ஊகத்துக்கு வலு உண்டு. பல ஊர்ப்பேர் ஒரே மாதிரி முடிந்தாலும் அப்படித்தான். நம் மலையில் கோக்கால் என்று முடிகிற பேர்களைப் பாருங்கள். சோலூர் கோக்கால், கூடலூர் கோக்கால், இரண்டும் கோத்தர் ஊர்கள்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: இன்றைய பேர், பழைய பேர், அந்த மக்கள் தங்களைச் சொல்லும் பேர். கோத்தர் என்பது மற்றவர்கள் வைத்தது. தங்களை அவர்கள் 'கோவ்' என்கிறார்கள். மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டுவிட்டு, அந்த ஊருக்கே போய்க் கேட்டு நிரப்புங்கள்.