ரெட் அலர்ட்டா ஹை அலர்ட்டா? புளியரை தாண்டிப் போறவங்களுக்கு

செங்கோட்டைல வண்டி ஓட்டுறவன் நான். புளியரை எஸ் வளைவு ஏறி கேரளா பார்டர் கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு போறதுதான் மாசத்துல பாதி நாள் பொழப்பு. வண்டில ஏறுறவங்க பாதிப்பேரு போனைக் காட்டி "அண்ணாச்சி, கேரளாவுல ரெட் அலர்ட்டாமே, போலாமா?"ன்னு கேப்பாங்க. மழையா போலீஸான்னு நான் திருப்பிக் கேப்பேன், முழிப்பாங்க.

மொதல்ல இதைப் பிரிச்சுக்கோங்க. மஞ்சள், ஆரஞ்சு, ரெட்னு மாவட்டம் மாவட்டமா வர்றது வானிலை மையம் குடுக்குறது, ரெட்னா 24 மணி நேரத்துல 20 செ.மீ.க்கு மேல மழை கொட்டலாம்னு அர்த்தம், அன்னைக்கு மலைல வண்டி ஏத்தாம இருக்குறது நல்லது. குண்டு, தீவிரவாதம்னு வர்ற "ஹை அலர்ட்" வேற சமாச்சாரம். அதுக்கு நம்ம நாட்டுல மக்களுக்குன்னு கலரும் கெடையாது நம்பரும் கெடையாது. உளவுத்துறை தகவல் மாநில போலீஸுக்குப் போகும், எங்க செக்கிங்கை இறுக்கணும்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. அமெரிக்காக்காரன் 2002ல அஞ்சு கலர் வச்சான், ஆரஞ்சுன்னா வீட்டுல இருக்கவனுக்கு என்ன வேலைன்னு யாருக்கும் வெளங்கல, 2011ல தூக்கிட்டான். பிரிட்டன்ல இன்னும் அஞ்சு படி இருக்கு, 2006ல இருந்து வெளிப்படையாவே சொல்றாங்க.

அப்ப நமக்கு எப்படித் தெரியும்? ரோட்டுல தெரியும். 2023 அக்டோபர் 29 கொச்சி பக்கத்துல களமசேரில ஜெபக் கூட்டத்துல குண்டு வெடிச்சப்ப கேரளா முழுக்க ஹை அலர்ட், நம்ம பார்டர்லயும் வண்டி வண்டியா தெறந்து பாத்தாங்க. டிசம்பர் 6, ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஒட்டி சம்பவம் எதுவும் இல்லாமயே இறுகும், அதுல டிசம்பர் 6 சரியா ஐயப்ப சீசன் நடுவுல வரும். அந்த நாள்ல கெளம்புறவங்க ஒரு மணி நேரம் கூடவே வச்சுக்கோங்க. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வளைகுடா ஆளை ஏத்தி விடப் போறீங்கன்னா ரெண்டு மணி நேரமா வச்சுக்கோங்க, ஆகஸ்ட் 15, ஜனவரி 26 சமயத்துல வழியனுப்ப வர்றவங்களுக்கு உள்ள போற டிக்கெட்டை நிறுத்திருவாங்க, பிளேன் ஏறுற எடத்துல இன்னொரு தடவையும் சோதிப்பாங்க, வாசல்லயே கட்டிப்புடிச்சு அழுதுட்டு வந்துருங்க.

ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் டிஜிலாக்கர்ல இருந்தாலே செல்லும், ஆனா மலைக்குள்ள சிக்னல் எங்க கெடைக்குது, ஒரு ஜெராக்ஸ் டேஷ்போர்டுல கெடக்கட்டும். செக்போஸ்டுல நிறுத்துனா உள்லைட்டைப் போட்டுட்டு கண்ணாடியை எறக்குங்க, டிக்கிய தெறக்கச் சொன்னா தெறங்க, முறைச்சுக்கிட்டு நிக்காதீங்க. 2020 ஜனவரில களியக்காவிளை செக்போஸ்டுல டூட்டில இருந்த சிறப்பு எஸ்ஐ வில்சனை சுட்டுக் கொன்னாங்க, ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு வர்ற போலீஸ்காரர் மனசுலயும் அது இருக்கும்ல.

இப்ப பை விஷயம், இதுல நானே மாட்டுனேன். ஒரு சீசன்ல பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்கு அடியில ஒரு துணிப்பை கெடந்துச்சு, யாரோ சாமி விட்டுட்டுப் போயிட்டாரு, கடைல குடுப்போம்னு நான் தூக்கப் போனேன், பின்னாடி இருந்து ஒரு ஏட்டு கத்துன கத்துல கை அப்படியே நின்னுருச்சு. வாய் வழியா உள்ள பாத்தா வட்ட வட்டமா தகர டின்னு அடுக்கி இருக்கு. எல்லாரையும் தள்ளி நிக்க வச்சு, ஆள் வந்து பாத்தா சபரிமலைப் பிரசாதம், அரவணைப் பாயச டின்னு! சிரிச்சோம், ஆனா களமசேரில டிபன் பாக்ஸுல வச்சதா சொன்னாங்கன்னு பின்னாடி கேட்டப்ப வயிறு கலங்குச்சு. அதனால அனாதையா கெடக்குற பையைத் தொடாதீங்க, நகத்தாதீங்க, பக்கத்துல நின்னு போன் பேசாதீங்க, போட்டோ எடுக்காதீங்க. "யார் பை இது"ன்னு ஒரு தடவை சத்தமா கேளுங்க, பதில் இல்லையா, தள்ளிப் போயி 112 அடிங்க, ரயில்ல இருந்தா 139.

பார்டர்ல இதுல ஒரு சிக்கல் இருக்கு, போன் எந்த ஊரு டவரைப் புடிக்குதுன்னே தெரியாது, நீங்க புளியரைல நின்னு பேசுனாலும் மலையாளத்துல எடுக்கலாம். பதறாம மொதல்ல "தமிழ்நாடு, தென்காசி மாவட்டம்"னு சொல்லிட்டு அப்புறம் எடத்தைச் சொல்லுங்க.

நெசமாவே எங்கயாச்சும் வெடிச்சுருச்சுன்னா வேடிக்கை பாக்கப் போகாதீங்க, ரெண்டாவதா ஒண்ணு வச்சுருக்கலாம். யாராச்சும் ஆயுதத்தோட தாக்குனா ஓட முடிஞ்சா ஓடுங்க, முடியலன்னா கதவைச் சாத்தி போனை சைலண்ட்ல போட்டு ஒளிஞ்சுக்கோங்க. வாட்ஸப்புல வர்ற ஆடியோவை அனுப்பாதீங்க, வதந்தி பரப்புறதுக்குன்னே சட்டத்துல பிரிவு இருக்கு.

அப்புறம் சைரன். 2025 மே 7 போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகைல கேரளாவுல 14 மாவட்டத்துலயும் ஊதுனாங்க, நம்ம பக்கம் சென்னை, கல்பாக்கத்தோட சரி, அதனால நம்மாளுங்க நெறையப் பேருக்கு இது தெரியாது. சத்தம் ஏறி எறங்கி ஏறி எறங்கி வந்தா ஆபத்து, கட்டடத்துக்குள்ள போயிருங்க. ஒரே மட்டமா நீளமா ஊதுனா வெளிய வரலாம்.