ஏற்புரைக்கு எழும் எழுத்தாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் நூல் அறிமுகக் கூட்டம் என்றால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலைதான். வரவேற்புரை, தலைமையுரை, நாலைந்து பேரின் மதிப்புரை எல்லாம் முடிந்து எழுத்தாளர் ஏற்புரை சொல்ல மைக் முன்னால் வரும்போது மணி எட்டைத் தாண்டியிருக்கும். உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பையைக் கையில் எடுத்திருப்பார்கள். எனக்கு அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் முக்கியம். நாவல் எப்படி இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அது எப்படி உருவானது என்பதை எழுதியவர்தான் சொல்ல முடியும். அதைச் சொல்லாமலே பலர் மேடையிலிருந்து இறங்கிவிடுகிறார்கள்.

முதல் தவறு, கதையைச் சொல்லிவிடுவது. என் முதல் தொகுப்பின் கூட்டத்தில் நானும் இதைச் செய்தேன். படபடப்பில் வேறெதுவும் தோன்றாமல், தலைப்புக் கதையை முடிவு வரைக்கும் சொன்னேன். அன்று புத்தகம் வாங்கிப்போன ஒருவர், "அந்த ஒரு கதையை மட்டும் விட்டுட்டேன், அதான் நீங்களே சொல்லிட்டீங்களே" என்று பிறகொரு நாள் சொன்னார். மூன்று மாதம் உழைத்த கதை அது. இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. கதை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

இதைவிடப் பெரிய தவறு, "நான் எதுவும் செய்யவில்லை, பாத்திரங்களே எழுதவைத்தன" என்று சொல்வது. கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவிக்கு அதனால் என்ன கிடைக்கும்? தனக்கு அப்படி எதுவும் வரவில்லையே, தன்னால் எழுத முடியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவாள். நீங்கள் அடித்துத் திருத்திய தாளைக் காட்டுங்கள். ஒரே ஒரு வரி போதும்.

ஒரு கூட்டத்தில் நாவலாசிரியை ஒருவர் அப்படித்தான் செய்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுவரும் பெண்ணைப் பற்றிய நாவல் அது. பஸ் வழியில் நின்றுவிடுகிறது, வெயில் ஏறுகிறது. முதல் பிரதியில் "அவள் மனம் கவலையில் தவித்தது" என்று எழுதியிருந்தாராம். அந்தத் தாளையே கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். பிறகு அச்சில் உள்ளதை வாசித்தார்: "மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை அடிவரை விட்டாள். அடியில் கிடந்த மொட்டுகள் சூடாகியிருந்தன." அவ்வளவுதான். பறித்த மொட்டு மூச்சுவிடும். நெருக்கி அடைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். சாயங்காலம் மலர வேண்டிய மொட்டுக்கு மதியத்துக்குள்ளே விலையே இல்லாமல் போய்விடும். கவலை என்ற சொல் இல்லாமலே கவலை வந்துவிட்டது. இதற்காக நாலு நாள் விடியற்காலையில் மார்க்கெட்டில் போய் நின்றதாகச் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தில் நான் கற்றதைப் பல பயிலரங்குகளில் கற்றதில்லை.

"இது மனித உறவுகளைப் பேசும் நாவல்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவதும் தவறுதான். எந்த நாவல் பேசவில்லை? நீங்கள் எடுத்த முடிவுகளைச் சொல்லுங்கள். காலத்தையே எடுத்துக்கொள்வோம். மதுரையில் வாழ்ந்த ஜி. நாகராஜன் 1974இல் வந்த 'நாளை மற்றுமொரு நாளே' நாவலில் நாயகன் கந்தனின் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டார். சு. வெங்கடேசன் 'காவல் கோட்ட'த்தில் 1310 முதல் 1910 வரை அறுநூறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போனது. ஒன்றில் ஒரு நாள், இன்னொன்றில் ஆறு நூற்றாண்டு, ஊர் ஒன்றுதான். உங்கள் கதைக்கு ஏன் ஒரு வாரம், ஏன் இருபது வருடம்? யார் வாயால் சொல்வது என்று எப்போது தீர்மானித்தீர்கள்? எந்த அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டீர்கள்? வாசகர்கள் இதையெல்லாம் கேட்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

அப்புறம் ஊர்ப் பெருமை. "மதுரை மண்ணின் வாசம் வீசும் நாவல்" என்று அறிவித்துவிட்டு ஜிகர்தண்டாவையும் தூங்கா நகரத்தையும் வரிசையாகச் சொல்வார்கள். இந்த ஊர்க்காரர்களிடமே இந்த ஊரை விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. ஊர் உங்கள் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. வீட்டுக்குப் போகப் பிடிக்காத ஒருத்தி மாசி வீதியிலேயே நடந்துகொண்டிருந்தால், நாலு திருப்பம் தாண்டிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பாள். இப்படி ஊரின் அமைப்பு கதையைத் திருப்பிவிட்ட இடம் உங்கள் நாவலில் இருந்தால் அதைப் பேசுங்கள்.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. நன்றிப் பட்டியலிலேயே பாதி நேரத்தைக் கழிப்பது. "எல்லாமே உண்மையில் நடந்தது" என்று சான்றிதழ் கொடுப்பது. நடந்தது என்பதற்காகக் கதை நம்பும்படி ஆகிவிடாது. வாசித்துக் காட்ட நீண்ட வர்ணனையைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒரு பக்கம் காதுக்கு எளிதாக இருக்கும்.

கேள்வி நேரத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். "நீங்கள் சரியாகப் படிக்கவில்லை" என்று வாசகரிடம் சொல்லவே கூடாது. அதே சமயம், எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்து அவருடைய வாசிப்பை மூடிவிடவும் கூடாது. "உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று திருப்பிக் கேட்கலாம். ஆனால் தகவல் பிழையைச் சுட்டினால் சரி என்று ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு முறை, சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவைப் பற்றி வாசித்துக்காட்டிய இளைஞர் ஒருவர், தல்லாகுளத்துச் சந்து கும்மிருட்டாக இருந்தது என்று எழுதியிருந்தார். கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, அழகர் ஆத்துல இறங்குறது சித்ரா பௌர்ணமிக்கு. அதுக்கு முந்தின ராத்திரில்ல எதிர்சேவை? நிலா காயுமே, எப்படி கும்மிருட்டாகும்?" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தத் தம்பி "கற்பனைதானே ஐயா" என்று சமாளிக்கவில்லை. "ஆமாங்கய்யா, தப்புதான்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பிரதியில் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். பிறகு அவரிடமே, "அந்த நேரத்துக்கு நிலா எந்தப் பக்கம் இருக்கும்யா?" என்று கேட்டார். கூட்டம் முடிந்த பிறகும் வாசலில் இரண்டு பேரும் கிழக்கும் மேற்கும் கையைக் காட்டிப் பேசிக்கொண்டே நின்றார்கள்.