வீட்டில் நாய்க்கு முடி சீவ, நகம் வெட்ட: எந்தக் கருவியை வாங்குவது, எதை விடுவது

கருப்பட்டியின் இடது முன்னங்கால் அக்குளில் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. அங்கே இரண்டு தையல் போட்டார்கள். கருப்பட்டி எங்கள் வீட்டுப் பொமரேனியன். நிறம் அப்படியே உடன்குடிக் கருப்பட்டி. தையலுக்குக் காரணம் தையல் பெட்டியில் கிடந்த கத்தரிக்கோலும் அதைப் பிடித்த என் கையும். சரியான சீப்பு ஒன்று அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் கத்தரிக்கோலை எடுக்கும் தேவையே வந்திருக்காது. இன்னொரு நாய்க்கு அப்படி நேரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாயைப் பிடிப்பது, கட்டுவது, சமாதானப்படுத்துவது எல்லாம் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். நேரே கருவிகளுக்கு வருகிறேன்.

படி 1: கடைக்குப் போகும் முன் முடியைப் பிரித்துப் பாருங்கள்

முதுகில் முடியை இரண்டு பக்கமும் விலக்குங்கள். உடனே தோல் தெரிந்தால் அது ஒற்றை முடி. நீண்ட மேல்முடிக்கு அடியில் இலவம்பஞ்சு போல இன்னோர் அடுக்கு இருந்தால் இரட்டை முடி. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என நம் பக்கத்து நாய்கள் முதல் வகை. பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்ட் இரண்டாம் வகை. லேப்ரடாருக்கு முடி குட்டைதான், ஆனாலும் அதுவும் இரட்டை முடிதான்.

ஒற்றை முடிக் குட்டை நாய் வைத்திருக்கிறவர்களுக்குச் செலவு குறைவு. கழுகுமலையில் அத்தை வீட்டில் ஒரு கன்னி இருக்கிறது. அதற்கு முள் வைத்த ரப்பர் கையுறை ஒன்று, ஈரத்துணி ஒன்று, நகவெட்டி ஒன்று, அவ்வளவுதான். கம்பிப் பல் வைத்த பிரஷ் எதையும் அதன்மேல் போடாதீர்கள். அந்த மெல்லிய தோலில் கீறல் விழும். இந்த வகையினர் நகத்துக்கும் உண்ணிக்கும் தாவிவிடலாம்.

படி 2: முதலில் வாங்க வேண்டியது எஃகுச் சீப்பு, பிறகுதான் பிரஷ்

கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது பிரஷ்தான். நானும் அதைத்தான் வாங்கினேன். வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக இருக்கும் ஸ்லிக்கர் பிரஷ். ஆறு மாதம் தினமும் சீவினேன். கருப்பட்டி பஞ்சு மிட்டாய் போல உப்பிக்கொண்டு அழகாக இருந்தான்.

நான் சீவியதெல்லாம் மேல்முடியை மட்டும். கம்பி தோல் வரை போகவே இல்லை. காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் அடிமுடி சிக்குப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

எஃகுச் சீப்பு இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். சீப்பின் பல் நுனியைத் தோலில் மெதுவாகத் தொடவைத்து வெளியே இழுத்தால், சிக்கு இருக்கிற இடத்தில் அது நின்றுவிடும். பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும் இடத்தில் சீப்பு நிற்கும். அதனால் ஒரே ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சீப்பை வாங்குங்கள். பாதிப் பல் அகலமாகவும் பாதி நெருக்கமாகவும் இருப்பது நல்லது. வாங்கும்போது உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் குத்தினால் நாய்க்கும் குத்தும். ஸ்லிக்கர் பிரஷ்ஷுக்கும் இதே சோதனைதான்; வெள்ளைக் கோடு விழுகிற அளவு அழுத்தினால் நாயின் தோல் சிவந்து எரியும்.

சீவும் முறை: ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து விரற்கடை அகல முடியை மட்டும் கீழே விட்டுச் சீவ வேண்டும். நாற்றங்காலில் நாற்றைக் கட்டுக் கட்டாகப் பிடுங்குவது போல, ஒரு வரிசை முடிந்த பிறகுதான் அடுத்தது. முதலில் பிரஷ், அதே வரிசையில் உடனே சீப்பு. சீப்பு தடையில்லாமல் வந்தால் மேலே போகலாம்.

அடிமுடி அதிகம் கொட்டும் நாய்க்கு அகலப் பல் வைத்த ரேக் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். பிளேடு போன்ற நெருக்கப் பல்லால் முடி உதிர்க்கும் கருவி ஒன்று விற்கிறார்கள். ஒரே இழுப்பில் கை நிறைய முடி வருவதைப் பார்த்து மயங்கிவிடுவோம். அடிக்கடி போட்டால் அது நல்ல மேல்முடியையும் சேர்த்து வெட்டிவிடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: சிக்கு இருக்கும்போது தண்ணீர் படக்கூடாது

நான் இடறிய இடம் இதுதான்.

சிக்கைப் பார்த்ததும், குளிப்பாட்டினால் இளகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் தலைமுடிக்கு அப்படித்தானே செய்கிறோம். நன்றாகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். நுரையும் வராது, சோப்பும் முழுதாகப் போகாது. காய்ந்த பிறகு அக்குளில் தொட்டுப் பார்த்தால் சாமிக்கு வளர்க்கும் சடை போல இறுகிக் கிடந்தது. தேங்காய் நார்க் கட்டியைத் தோலில் ஒட்டிவைத்தது மாதிரி. காலை நீட்டும்போதெல்லாம் அது தோலை இழுக்கும். இரண்டு நாள் நொண்டினான்.

அப்போதுதான் கத்தரிக்கோலை எடுத்தேன். சடையை மேலே தூக்கினால் அதோடு தோலும் கூடாரம் போல எழும்பி வரும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அவன் கத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எனவே வரிசை இப்படி: முதலில் சிக்கெடுப்பது, பிறகு குளியல், காய்ந்த பிறகு மறுபடி சீப்பு.

சிறிய சிக்கு என்றால் இரண்டு விரலால் தோலுக்கும் சிக்குக்கும் நடுவே முடியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு உங்கள் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. கொஞ்சம் சோளமாவு தூவி, சீப்பின் கடைசிப் பல்லால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு உள்ளே வாருங்கள். தோலோடு ஒட்டிய சடையைப் பிரிக்கப் பார்க்காதீர்கள். முடி வெட்டும் மின்கருவியான கிளிப்பரில் 10ஆம் எண் பிளேடு போட்டு, தோலைச் சமமாக இழுத்துப் பிடித்து, சடைக்கு அடியில் ஓட்டி எடுத்துவிடுங்கள். அந்தப் பிளேடு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஆறும்வரை நிறுத்துங்கள்.

கிளிப்பர் கையில் இருக்கிறது என்பதற்காகச் சித்திரை வெயிலில் இரட்டை முடி நாய்க்கு மொட்டை போட்டுவிட வேண்டாம். அந்த முடிதான் தோலுக்குக் குடை. சிலவற்றுக்கு அது பழையபடி முளைப்பதும் இல்லை. உதிர்ந்த அடிமுடியைச் சீவி எடுத்துவிட்டாலே உள்ளே காற்றோடும்.

படி 4: குளியல்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீரைப் (எங்களுக்குத் தாமிரபரணி ஆற்றுத் தண்ணீர்) பிடித்து வையுங்கள். ஷாம்பு நாய்க்கென்று உள்ளதாக இருக்கட்டும். நாய்த் தோலின் அமிலத்தன்மை நம் தோலினுடையதைவிடக் குறைவு. ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அடிமுடி வரை போகும், அலசவும் எளிது. சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும், வேண்டாம். டைல்ஸ் தரையில் நாய்க்குக் கால் வழுக்கும், வழுக்கினால் பயப்படும். பழைய கோரைப்பாய் ஒன்றை விரித்து அதன்மேல் நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துண்டால் துடைத்தால் போதாது. அடிமுடி ஈரமாகவே கிடந்தால் புண் வைத்துவிடும். டிரையரைச் சூடில்லாமல் வைத்து, சீவிக்கொண்டே காயவையுங்கள்.

படி 5: நகவெட்டி

இரண்டு வகை உண்டு. ஓட்டைக்குள் நகத்தை விட்டு அழுத்துவது ஒன்று, குறடு போன்றது மற்றொன்று. எனக்குக் குறடுதான் பிடிக்கும். முதல் வகையில் பிளேடு மழுங்கினால் நகத்தை நசுக்கும்.

கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். தவறி ரத்தம் வந்தால் படிகாரத்தூளை வைத்து அழுத்திப் பிடியுங்கள். சவரக் கடையில் வைத்திருப்பார்களே, அதே படிகாரம்தான். பொடித்துச் சிமிழில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். தரையில் படாத கட்டைவிரல் நகத்தை மறந்துவிடாதீர்கள். அது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும்.

படி 6: உண்ணி

கூர்முனை இடுக்கி ஒன்று, சோப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம். உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துக் கிண்ணத்தில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். காது மடல், கால்விரல் இடுக்கு இரண்டையும் தவறாமல் பாருங்கள். தெள்ளுப்பூச்சிக்கு நம் வீட்டுப் பேன்சீப்பு மாதிரி நெருக்கப் பல் சீப்புப் போதும். மண்ணெண்ணெய் தடவுவது ஊர்ப்பக்கம் பழக்கம். தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். உண்ணி எடுத்த சில வாரங்களில் காய்ச்சல், சோர்வு, மூக்கில் ரத்தம் என்று கண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உண்ணி பரப்பும் எர்லிகியா நோய் உயிரையே எடுக்கும்.

பிற்சேர்க்கை 1: படித்துவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர், உண்ணியை எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வருகிறது என்று எழுதியிருந்தார். நாயின்மேல் இருப்பது கொஞ்சம்தான். உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கூண்டு, திண்ணை விரிசல், கதவு நிலை இடுக்கு எல்லாவற்றையும் சுத்தம் செய்து பூசி அடைக்க வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தைப் பயன்படுத்தாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

பிற்சேர்க்கை 2: கிளிப்பர் சத்தத்துக்கு நாய் ஓடி ஒளிகிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் சில நாள் நாய் சாப்பிடும்போது அடுத்த அறையில் வெறுமனே ஓடவிடுங்கள். பிறகு அதே அறையில். பிறகு நிறுத்திய கிளிப்பரின் பின்பக்கத்தை முதுகில் வைத்து எடுங்கள், அதன்பின் ஓடும் கிளிப்பரின் பின்பக்கத்தை. பிளேடு படுவது கடைசியில்தான். தையலுக்குப் பிறகு கருப்பட்டி என்னை அக்குளைத் தொடவிட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது கோரைப்பாயை விரித்தால் தானாகவே வந்து ஒருக்களித்துப் படுத்து, முன்னங்காலைத் தூக்கிக் காட்டுகிறான்.