ஸ்பான்சர் உண்டு, மேடை நம்முடையது: நிறுவனத் தலைவர்களுக்கான கணினி மாநாட்டுத் தொடரை முதன்முறை நடத்துவது எப்படி?

கோலாலம்பூரில் தொழில் நடத்தும் நண்பர்கள் சிலர் அண்மையில் என்னிடம் கேட்டது இது: “ஈஆர்பி, கிளவுட், சைபர் பாதுகாப்பு பற்றியெல்லாம் முதலாளிகளுக்கு ஒரு மாநாட்டுத் தொடர் நடத்தலாம்னு இருக்கோம். ஸ்பான்சர் கொடுக்க ஆள் இருக்கு. எங்கே தொடங்கறது?” (ஈஆர்பி என்பது கணக்கு, சரக்கு, கொள்முதல் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள். கிளவுட் என்பது சொந்த சர்வருக்குப் பதில் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினி வசதி.) வணிகச் சங்கங்களுக்கு இதுபோன்ற நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து கொடுத்த அனுபவத்தில், முதன்முறை இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நான் பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் தொடரில் பெரிய ஸ்பான்சருக்கு 20 நிமிடம் என்று வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்டோம். மேடையேறிய அவர்களுடைய விற்பனை அதிகாரி 50 நிமிடம் தங்கள் மென்பொருளைத் திரையில் ஓட்டிக் காட்டினார். தேநீருக்குப் பிறகு பாதி நாற்காலி காலி. இரண்டாம் அமர்வுக்கு அழைத்தபோது, நான் மிகவும் மதிக்கும் ஒரு பெரியவர், “தம்பி, விற்பனைக் கூட்டம்னா அவங்களை என் ஆபீசுக்கே வரச் சொல்லு, நான் எதுக்கு ஜாமில் உட்காரணும்?” என்றார். அந்தத் தொடர் அதோடு நின்றது. அரை நாளை ஒதுக்கி வருகிறவரின் நேரத்தைக் காப்பதுதான் ஏற்பாட்டாளரின் வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: முதலாளியின் மேசையிலிருந்து தொடங்குங்கள்

ஸ்பான்சரைக் கூப்பிடும் முன் பத்து நிறுவனத் தலைவர்களிடம் பேசுங்கள். “எந்தத் தலைப்பு வேண்டும்?” என்று கேட்டால் எல்லோரும் ‘ஏஐ’ என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: “ஐடி சம்பந்தமாக நீங்கள் கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்திருக்கும் காகிதம் எது?”

அப்போது உண்மை வரும். ஒருவர் கணக்கு மென்பொருளை மாற்றுவதற்கான கொட்டேஷனைக் காட்டுவார். இன்னொருவர் பழைய சர்வருக்குப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, கிளவுடுக்குப் போய்விடுவதா என்று குழம்பிக்கொண்டிருப்பார். அந்தக் காகிதங்களே உங்கள் தலைப்புகள்.

இப்போதைய மலேசியாவில் காகிதங்களுக்குக் குறைவில்லை. இ-இன்வாய்ஸை, அதாவது மின்னணு விலைப்பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதலும், 25 மில்லியனைத் தாண்டியவற்றுக்கு 2025 ஜனவரி 1 முதலும், 5 மில்லியனைத் தாண்டியவற்றுக்கு அதே ஆண்டு ஜூலை 1 முதலும் உள்நாட்டு வருமான வரி வாரியம் அதைக் கொண்டுவந்தது. மூலையில் கிடந்த கணக்கு மென்பொருள் இதனால் முதலாளியின் மேசைக்கே வந்துவிட்டது. தரவை நாட்டுக்குள்ளேயே வைக்க விரும்புகிறவர்களுக்கும் வழி திறந்திருக்கிறது. அமேசான் வெப் சர்வீசஸ் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் தன் கிளவுட் மண்டலத்தைத் தொடங்கியது. சைபர் பாதுகாப்புச் சட்டம் 2024 அதே மாதம் 26ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

ஆக, ஓர் அமர்வுக்கு ஒரு முடிவு என்று வையுங்கள். நான் இன்று தொடங்கினால் நான்கு அரை நாள் அமர்வுகள் போடுவேன். கணக்கும் ஈஆர்பியும் முதலாவது, சொந்த சர்வரா கிளவுடா என்பது இரண்டாவது, தரவு கசிந்தால் முதல் மூன்று நாள் என்ன செய்வது என்பது மூன்றாவது. நான்காவது பினாங்கில்: தொழிற்சாலைக் கணினிகளையும் அலுவலகக் கணினிகளையும் இணைப்பது. வந்தவர் திரும்பிப் போகும்போது கையெழுத்துப் போடவோ, போட மாட்டேன் என்று சொல்லவோ தெளிவு பெற்றிருக்க வேண்டும்.

படி 2: நாட்காட்டி

சீனப் புத்தாண்டு, தைப்பூசம், நோன்பு மாதம், ஹரி ராயா, தீபாவளி, பள்ளி விடுமுறை இவற்றை முதலில் அடித்துவிடுங்கள். நோன்பு மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகரும், அதனால் சென்ற ஆண்டு அட்டவணையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ தொழுகைக்கு நடுப்பகலில் இரண்டு மணி நேரம் போய்விடும். மாதக் கடைசி வாரத்தில் கணக்குப் பிரிவுத் தலைவர்கள் வர மாட்டார்கள். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. ஓர் அமர்வுக்கும் அடுத்ததற்கும் ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

படி 3: இடம்

கேஎல்சிசி மாநாட்டு மையமும் மைடெக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அழகான இடங்கள். நமக்கு வரப்போவது 80 பேர். ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு ஹோட்டல் அறை போதும். காலை 8.30க்குத் தொடங்கினால் ஷா ஆலமிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வருகிறவர் வேர்த்து விறுவிறுத்துப் பாதியில்தான் நுழைவார். 9.30க்குத் தொடங்குங்கள்.

பினாங்கில் எல்லோருக்கும் ஜார்ஜ்டவுன்தான் நினைவுக்கு வரும். ஆனால் நீங்கள் அழைக்க விரும்பும் ஆலை மேலாளர்கள் பாயான் லெப்பாஸில் இருக்கிறார்கள். அங்கே சுதந்திர வர்த்தக வலயம் 1972இல் தொடங்கியதிலிருந்து மின்னணுத் தொழில் வேரூன்றி நிற்கிறது. இன்டெல் வந்ததும் அந்த ஆண்டுதான். ஆகவே செத்தியா ஸ்பைஸ் போலத் தீவின் தெற்குப் பக்கம் இடம் பாருங்கள். காலையில் உற்பத்திக் கூட்டம் இருக்கும் என்பதால் அமர்வை மதியம் 2 மணிக்கு வைத்து, 5.30க்குள் முடித்துவிடுங்கள். பாலத்தில் நெரிசல் கூடும் முன் அக்கரைக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள்.

ஹோட்டலிடம் விலை கேட்கும்போது ‘பிளஸ் பிளஸ்’ என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். சேவைக் கட்டணமும் சேவை வரியும் மேலே ஏறும் என்று அர்த்தம். “எல்லாம் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு?” என்று எழுத்தில் வாங்குங்கள். சமையலறைக்கு ஹலால் சான்றிதழ் இருக்க வேண்டும். சைவ உணவைத் தனி மேசையில், தனிக் கரண்டியோடு வைக்கச் சொல்லுங்கள். புரட்டாசி மாதம் என்றால் சைவத் தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்ட மறக்காதீர்கள். தொழுகை அறை எங்கே என்று அறிவிப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 4: பணக்கணக்கு

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உணவு, இடம், ஒலி ஒளி, பெயர் அட்டை, புகைப்படம், பேச்சாளர் பயணம் எல்லாம் சேர்த்து ஓர் அமர்வுக்கு 40,000 ரிங்கிட் என்றால், நான்குக்கு 160,000. முதன்மை ஸ்பான்சர் ஒருவர் 80,000, துணை ஸ்பான்சர்கள் இருவர் தலா 30,000, சிறியவர்கள் மூவர் தலா 10,000. மொத்தம் 170,000. மிச்சம் 10,000 அவசரத்துக்கு.

இந்தப் பங்கீட்டுக்குக் காரணம் இருக்கிறது. எந்த ஒருவரும் பாதிக்கு மேல் தரக்கூடாது. முதன்மை ஸ்பான்சர் நடுவில் விலகினாலும் கையில் 90,000 இருக்கும், இரண்டு அமர்வை நடத்தி முடித்துவிடலாம். ஒரே நிறுவனம் முழுப் பணமும் தருகிறேன் என்று வந்தால் ஆசை வரும், வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் எந்தக் கேள்வியும் உங்கள் கையில் இருக்காது.

படி 5: ஸ்பான்சர் கடிதம்

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். இரண்டு பக்கத்தில் எழுதி, பணம் வாங்கும் முன் கையெழுத்து வாங்குங்கள்.

பேச்சு நேரம் 15 நிமிடம். அதில் விலை சொல்லக்கூடாது, மென்பொருளைத் திரையில் ஓட்டிக் காட்டக்கூடாது. வெளியே தேநீர் பகுதியில் அவர்களுக்கு ஒரு மேசை உண்டு. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம். விருப்பமுள்ளவர் தானாக நடந்து போவார், அந்தப் பேச்சுக்கு மேடைப் பேச்சைவிட மதிப்பு அதிகம். இதை ஸ்பான்சரிடம் பொறுமையாக விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள்.

ஸ்லைடுகள் பத்து நாள் முன்பே வர வேண்டும், நீங்கள் திருத்தம் சொல்லலாம். நிகழ்ச்சி நிரலை அவர்கள் முன்கூட்டிப் பார்க்கலாம், ஆனால் மற்றப் பேச்சாளர்களைத் தேர்ந்தெடுப்பதிலோ கேள்விகளைத் தடுப்பதிலோ அவர்களுக்கு உரிமை இல்லை.

“எங்கள் போட்டியாளரைத் தொடர் முழுக்க அனுமதிக்கக்கூடாது” என்று ஒரு வரி கேட்பார்கள். ஓர் அமர்வுக்கு மட்டும் கொடுங்கள், தொடருக்குக் கொடுக்காதீர்கள். கிளவுட் பற்றி முடிவெடுக்க வந்தவர் நான்கு முறையும் ஒரே நிறுவனத்தின் குரலைக் கேட்டால், அவரை நாம் ஏமாற்றியதாகிவிடும்.

தொகையில் பாதி கையெழுத்தின்போது, மீதி இரண்டாம் அமர்வுக்கு இரண்டு வாரம் முன்பு. விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: ஸ்பான்சரின் ஆளுக்குப் பதில் அவர்களுடைய வாடிக்கையாளரைப் பேச வைக்கச் சொல்லுங்கள். ஈஆர்பி மாற்றிய ஒரு நிறுவனத்தின் நிதித் தலைவர் மேடையில் நின்று, “பழைய சரக்குப் பட்டியலைச் சுத்தம் செய்யாமல் ஏற்றினோம், இரண்டு மாதம் ஸ்டாக் கணக்கு ஒத்துப்போகவில்லை” என்று சொன்னால், அறையில் உள்ள அத்தனை பேனாவும் எழுதத் தொடங்கும்.

படி 6: பேச்சாளர்கள்

பாதிக்கு மேல் தொழில் நடத்துகிறவர்களாக இருக்கட்டும். கலந்துரையாடல் என்றால் மூன்று பேர் போதும். ஒரு வாரம் முன்பு அவர்களையும் நெறியாளரையும் ஒரு மாமாக் கடையிலாவது (இந்திய முஸ்லிம் உணவகம்) சேர்த்து உட்கார வையுங்கள். முதல் தே தாரிக் முடிவதற்குள் யாருக்கு எதில் கருத்து வேறுபாடு என்று தெரிந்துவிடும். அந்த வேறுபாட்டைத்தான் மேடையில் பேச வைக்க வேண்டும். வெளிநாட்டுப் பேச்சாளருக்குக் கட்டணம் தருவதாக இருந்தால், தொகையை ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் கணக்காளரிடமும் குடிநுழைவுத் துறையிடமும் கேட்டுவிடுங்கள்.

படி 7: அழைப்பும் பெயர்ப் பட்டியலும்

வணிகச் சங்கங்கள் வழியாகப் போங்கள். மைக்கியும் (மலேசிய இந்தியர் வர்த்தகத் தொழிலியல் சங்கங்களின் சம்மேளனம்) பினாங்கு இந்தியர் வர்த்தகச் சங்கமும் தெரிந்த வாசல்கள், சீன, மலாய் வணிகச் சங்கங்களையும் தட்டுங்கள். அழைப்பு, நிறுவனத் தலைவரின் பெயருக்கே போக வேண்டும். இலவச நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த எல்லோரும் வர மாட்டார்கள். 80 பேர் வேண்டும் என்றால் நான் 120 பெயர் வரை சேர்ப்பேன். முந்தைய நாள் மாலை வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டல், கூடவே கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயில் படம்.

ஸ்பான்சர் கட்டாயம் கேட்கப்போவது பட்டியல்: பெயர், பதவி, கைப்பேசி. அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன்படி, தரவை எதற்காக வாங்குகிறோம், யாரிடம் கொடுக்கப்போகிறோம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பதிவுப் படிவத்தில் ‘என் விவரத்தை ஸ்பான்சருடன் பகிரலாம்’ என்று தனிக் கட்டம் வையுங்கள், அதில் முன்கூட்டியே டிக் இருக்கக்கூடாது. டிக் செய்தவர்களின் பட்டியல் மட்டும் போகும் என்பதை ஸ்பான்சர் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமையும் வந்திருக்கிறது. மூன்றாம் அமர்வில் நாம் பேசப்போவதும் இதைத்தான், அதை நாமே மீறக்கூடாது.

படி 8: அந்த நாள்

முந்தைய நாள் மாலை அறைக்குப் போய், ஒவ்வொரு பேச்சாளரின் ஸ்லைடையும் ஒரே மடிக்கணினியில் ஏற்றி, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். தெரியாத எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். மைக்குக்கு மாற்று பேட்டரி, இரண்டு வகை இணைப்பு வயர்.

பெயர் அட்டையில் விருதுப் பட்டத்தைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ, டத்துக், டத்தின் ஒவ்வொன்றும் வேறு. ஒருவருக்கு டத்தோவா டத்துக்கா என்பது யார் விருது கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது, அவருடைய செயலாளரைக் கூப்பிட்டு எழுத்துக்கு எழுத்து கேளுங்கள். வரவேற்புரையில் பெயர்களைச் சொல்லும் வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து நெறியாளர் கையில் கொடுங்கள். கடைசி நிமிடத்தில் வருகிற பிரமுகருக்காக அந்தத் தாளின் நடுவில் இரண்டு வரி காலியாக இருக்கட்டும்.

நேரம் காட்ட முதல் வரிசையில் ஒருவர்: ஐந்து நிமிடம் என்று ஓர் அட்டை, முடிந்தது என்று இன்னோர் அட்டை. ஸ்பான்சருக்கும் அதே அட்டைதான்.

கேள்விகளைத் துண்டுச் சீட்டில் வாங்குங்கள். பணியாளர்கள் முன்னால் தன் நிறுவனத்தின் பலவீனத்தைக் கைதூக்கிக் கேட்க எந்த முதலாளியும் விரும்ப மாட்டார், சீட்டில் எழுதிக் கொடுப்பார்.

படி 9: அடுத்த வாரம்

மூன்று நாளுக்குள் வந்தவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: பேசப்பட்ட முடிவுகள், நேரம் போதாமல் விட்ட கேள்விகளுக்குப் பதில். ஸ்பான்சருக்குத் தனியாக ஓர் அறிக்கை: எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பதவியில் இருப்பவர்கள், மேசைக்கு எத்தனை பேர் போனார்கள். கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டாம். 80 எதிர்பார்த்து 63 வந்தால் 63 என்றே எழுதுங்கள். அப்புறம் அந்தத் துண்டுச் சீட்டுகளை எடுத்துப் பரப்பி வைத்து, இரண்டாம் அமர்வின் நெறியாளரைக் கூப்பிடுங்கள். அவருடைய முதல் கேள்வி அந்தச் சீட்டுகளில் எங்கோ இருக்கும்.