பெரிய கூடங்களின் ஃபால்ஸ் சீலிங் நிலநடுக்கத்தில் விழாமலிருக்க

ஃபால்ஸ் சீலிங்கைத் தொங்கவிடும் கம்பிகள் எடையைத்தான் தாங்கும். பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்காது. சங்கிலி எவ்வளவு கனமாக இருந்தாலும் ஊஞ்சல் ஆடத்தானே செய்யும்? சேதம் பெரும்பாலும் சுவரோரத்தில்தான் தொடங்குகிறது. அங்கே டீ (டைல்களைத் தாங்கும், T வடிவ உலோகப் பட்டை) சுவரில் இடித்து நசுங்கும், அல்லது சுவரில் அடித்த ஆங்கிளின் (L வடிவ உலோகப் பட்டை) விளிம்பிலிருந்து நழுவும். பிறகு டைல்கள் வரிசையாகக் கொட்டும்.

கீழே உள்ள அளவுகள் 60×60 செ.மீ. மினரல் ஃபைபர் டைல் போடும் கிரிட் சீலிங்குக்கானவை (டீக்களைக் கட்டம் கட்டமாகப் பின்னியதுதான் கிரிட்). கடும் நிலநடுக்கப் பகுதிகளுக்கு அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் இ580 விதி கேட்பது இவற்றைத்தான். உங்கள் கட்டிடம் எந்த மண்டலத்தில் வருகிறது, எந்த விதி பொருந்தும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

சுவரோரம்

வால் ஆங்கிளின் தாங்கு விளிம்பு 50 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் மட்டும் டீக்களை ஆங்கிளோடு ரிவெட் அடியுங்கள். எதிர்ப்பக்க இரண்டு சுவர்களில் டீயின் முனைக்கும் சுவருக்கும் நடுவே 19 மி.மீ. இடைவெளி விட்டு, ரிவெட் இல்லாமல் ஆங்கிளின் மேல் உட்கார வையுங்கள். கணக்கு எளிது: 50-இல் 19 போனால் டீ 31 மி.மீ. உட்கார்ந்திருக்கிறது, சுவரை விட்டு இன்னொரு 19 மி.மீ. விலகினாலும் 12 மி.மீ. பிடி மிஞ்சும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 22 மி.மீ. ஆங்கிளில் இதே இடைவெளி விட்டால் உட்காருவது வெறும் 3 மி.மீ. முதல் குலுக்கலிலேயே டீ கீழே வந்துவிடும். குறுகிய ஆங்கிள்தான் வேண்டுமென்றால், அதற்கென்று சோதித்து ஒப்புதல் பெற்ற சுவர்க் கிளிப்புகளைச் சேர்த்துப் போட வேண்டும்.

“உறுதியாக இருக்கட்டும்” என்று நாலு சுவரிலும் ரிவெட் அடிப்பதுதான் தளத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. சுவர்கள் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. அவற்றின் நடுவே மாட்டிய மெல்லிய டீ வளைந்து, இணைப்பு பிரிந்துவிடும். ரிவெட் இல்லாத பக்கத்தில் டீ முனைகள் ஒன்றையொன்று விட்டு அகலாதபடி குறுக்குப் பட்டையால் பிணைத்துவிடுங்கள். சுவரிலிருந்து 200 மி.மீ.க்குள் ஒவ்வொரு டீ முனைக்கும் தனித் தொங்கு கம்பியும் கட்டுங்கள். ஆங்கிள் கழன்றாலும் அந்தக் கம்பி டீயைப் பிடித்துக்கொள்ளும்.

கம்பிகள்

மெயின் டீ (கூடத்தின் குறுக்கே ஓடும் முதன்மை டீ; அவற்றை இணைக்கும் குட்டையானவை கிராஸ் டீ) கனரக வகையாக இருக்கட்டும். சுமார் 2.7 மி.மீ. தடிமனுள்ள கால்வனைஸ்டு கம்பியை 1.2 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டுங்கள். முறுக்கு 75 மி.மீ. நீளத்துக்குள் 3 சுற்று. ஏசி காற்றுப் போகும் டக்ட் குறுக்கே வந்தால் கம்பியைச் சாய்த்துக் கட்டுவார்கள். ஆறுக்கு ஒன்று (6 அடி உயரத்துக்கு 1 அடி பக்கவாட்டில்) என்ற சாய்வைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பி இழுத்தாக வேண்டும். டக்டிலோ குழாயிலோ கம்பியைக் கட்டவே கூடாது. ஸ்லாபிலோ உத்திரத்திலோதான் கட்ட வேண்டும்.

பக்கவாட்டுத் தாங்கல்

93 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சீலிங்குக்கு இது கட்டாயம். மெயின் டீயும் கிராஸ் டீயும் சேரும் இடத்திலிருந்து 50 மி.மீ.க்குள் நாலு திசையிலும் ஒவ்வொரு கம்பி, 45 பாகைச் சாய்வில், தொய்வில்லாமல் ஸ்லாபுக்குப் போக வேண்டும். இங்கே முறுக்கு 40 மி.மீ.க்குள் 4 சுற்று. அதே இடத்தில் கிரிட்டுக்கும் மேலேயுள்ள ஸ்லாபுக்கும் நடுவே செங்குத்தாக ஓர் இரும்புக் குழாய்க் கால் நிற்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் காலைத்தான். சாய்ந்த கம்பியால் இழுக்க மட்டுமே முடியும். சீலிங் ஒரு பக்கம் நகரும்போது அது கிரிட்டை மேலே தூக்கும், டைல்கள் எகிறும். அதைக் கீழே அழுத்திப் பிடிப்பது கால். இடைவெளி நீளமாக இருந்தால் மெல்லிய குழாய் வளைந்துவிடும். தடிமனைப் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும்.

நாலு கம்பியும் ஒரு காலும் சேர்ந்த இந்தத் தாங்கல் இரு திசையிலும் 3.6 மீட்டருக்கு ஒன்று, சுவரிலிருந்து முதலாவது 1.8 மீட்டருக்குள். 12×18 மீட்டர் கூடத்தில் ஒரு பக்கம் 4, மறுபக்கம் 5. ஆக 20 கால், 80 சாய்வுக் கம்பி. சீலிங் 232 சதுர மீட்டரைத் தாண்டினால் ஒரே பரப்பாக விடாமல், நில அதிர்வுப் பிரிவு இணைப்பு (துண்டுகள் தனித்தனியாக ஆட இடம்விடும் இணைப்பு) வைத்துத் துண்டாக்குங்கள்.

கம்பியை ஸ்லாபில் பிடித்து வைக்கும் ஆங்கர் அங்கிருந்து பிடுங்கிக்கொண்டால் எல்லா வேலையும் வீண். கலிஃபோர்னியாவின் பொதுப் பள்ளிகளில் தொங்கு கம்பி ஆங்கர்களில் பத்தில் ஒன்றைச் சுமார் 90 கிலோ விசையிலும், சாய்வுக் கம்பி ஆங்கர்களில் பாதியைச் சுமார் 200 கிலோ விசையிலும் இழுத்துப் பார்க்கிறார்கள். டைல் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது.

விளக்கும் ஸ்பிரிங்க்ளரும்

விளக்கைக் கிரிட்டோடு ஸ்குரூவாலோ கிளிப்பாலோ பூட்டுங்கள். அதோடு 4.5 கிலோ வரை ஒரு காப்புக் கம்பி, 25 கிலோ வரை எதிரெதிர் மூலைகளில் இரண்டு. சற்றே தளர்வாக இருக்கலாம். அதற்கு மேல் எடையென்றால் சீலிங்கை நம்பாமல் ஸ்லாபிலிருந்தே தனியாகத் தொங்கவிடுங்கள்.

தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் தலையைச் சுற்றி டைலில் 25 மி.மீ. இடைவெளி வேண்டும், அல்லது வளையும் குழாய் வேண்டும். 1994-இல் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் ஆலிவ் வியூ மருத்துவமனையின் கட்டமைப்பு நின்றது; உள்ளே குழாய்கள் உடைந்து தண்ணீர் கொட்டியதால் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

உயரமான, கனமான சீலிங்

அரங்குகளில் வரும் கனமான போர்டு சீலிங்குக்கு மேலே சொன்னது போதாது. 2011 மார்ச் 11 அன்று டோக்கியோவின் குடான் கைகான் அரங்கில் பட்டமளிப்பு விழா நடந்துகொண்டிருந்தபோது நிலநடுக்கத்தில் சீலிங் விழுந்து 2 பேர் இறந்தார்கள். 2014 ஏப்ரல் முதல் ஜப்பானில் 6 மீட்டருக்கு மேல் உயரத்தில், 200 சதுர மீட்டருக்கு மேல் பரப்பில், சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் எடையில் தொங்கும் சீலிங்குகளுக்குத் தனி விதி நடைமுறையில் இருக்கிறது. மாட்டிவிடும் கிளிப்புகள் குலுக்கலில் விரிந்து கழல்கின்றன; அதனால் ஸ்குரூ வைத்து இறுக்கிய இணைப்புகளையே நம்ப வேண்டும். பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் சீலிங்கையே கழற்றிவிடும் வழியையும் அங்கே எடுத்தார்கள். கூடத்துக்கு அது தேவையில்லை என்றால் அதுவே ஆகச் சிறந்த தீர்வு.

ஏற்கெனவே உள்ள சீலிங்கில் மூலை டைல் ஒன்றையும் நடு டைல் ஒன்றையும் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். மூலையில் ஆங்கிளின் அகலம், ரிவெட் எத்தனை சுவரில், சுவரோரக் கம்பி உண்டா. நடுவில் கால் இருக்கிறதா, விளக்குக்குத் தனிக் கம்பி இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கக் காசு குறைவென்றால் முதலில் வாசல், படிக்கட்டு, ஆட்கள் வெளியேறும் வழி ஆகியவற்றின் மேலுள்ள விளக்குகளுக்கும் சுவரோர டீக்களுக்கும் கம்பி கட்டுங்கள்.