மைக்கேல் பெய்ஜென்ட் புத்தகங்களை ஏமாறாமல் படிப்பது எப்படி

கிறிஸ்தவ வரலாற்றில் மறைக்கப்பட்ட ரகசியங்கள் உண்டு என்று எழுதிப் பிரபலமானவர் பெய்ஜென்ட். புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் அவர் வாழ்க்கையை வருஷவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். 1948-ல் நியூசிலாந்தில் பிறந்தார், உளவியல் படித்தார், புகைப்படக்காரராக இருந்தார், 1976-ல் இங்கிலாந்துக்கு வந்தார், 2013-ல் இறந்தார். வரலாற்றுத் துறையில் பயிற்சி எடுக்காமலே எழுத வந்தவர், இது குற்றமல்ல, ஆனால் நினைவில் இருக்கட்டும்.

அப்புறம் 1982-ல் வந்த பெரிய புத்தகம், 'தி ஹோலி பிளட் அண்ட் தி ஹோலி கிரெய்ல்'. ரிச்சர்ட் லீ, ஹென்றி லிங்கன் இருவரோடு சேர்ந்து எழுதியது. இயேசுவுக்கும் அவருடைய சீடர்களில் ஒருவரான மகதலா மரியாளுக்கும் திருமணம் நடந்திருக்கலாம், அந்த வம்சம் பிரான்ஸில் தொடர்ந்திருக்கலாம் என்பது வாதம். பென்சிலோடு உட்காருங்கள். "இருக்கலாம்" என்று வரும் இடத்தையெல்லாம் வட்டமிடுங்கள், பத்துப் பக்கம் தள்ளி அதே விஷயம் "ஆகவே" என்று தொடங்கும் வாக்கியத்தில் உண்மையாகிவிட்டதா என்று தேடுங்கள். நிறையவே கிடைக்கும்.

அடுத்தது ஆவணம், இதில் அவசரப்படாதீர்கள். அந்த வம்சத்தைக் காத்துவரும் சீயோன் மடம் என்ற ரகசிய அமைப்பு 1099-லிருந்தே இருப்பதாகப் புத்தகம் சொல்கிறது, ஆனால் அதை பியர் பிளான்டார் என்பவர் 1956-ல்தான் பிரான்ஸில் பதிவு செய்தார், அதன் 'பழைய' தாள்கள் 1960-களில்தான் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்டன. ஒரு தாள் பெரிய நூலகத்தில் இருப்பதாலேயே அது பழையதாகிவிடாது. எழுதியது யார், உள்ளே வைத்தது யார், எப்போது என்று மூன்றையும் கேளுங்கள்.

2006 லண்டன் வழக்கையும் விடாதீர்கள். தங்கள் கருத்தை 'டா வின்சி கோட்' என்ற பிரபல நாவல் எடுத்துக்கொண்டது என்று பெய்ஜென்ட்டும் லீயும் வழக்குப் போட்டுத் தோற்றார்கள், மறுவருஷம் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். பொதுவான கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. (அந்தத் தீர்ப்புக்குள்ளேயே நீதிபதி ஒரு சங்கேதச் செய்தியை ஒளித்து வைத்திருந்தார்!)

ஆனால் அவரை முழுசாக ஒதுக்கிவிடாதீர்கள். சாக்கடல் சுருள்கள், அதாவது சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய யூதக் கையெழுத்துச் சுருள்கள் பற்றி லீயோடு 1991-ல் எழுதிய புத்தகத்தை இரண்டு வண்ணப் பேனாவோடு படியுங்கள். 1947-ல் கிடைக்க ஆரம்பித்த சுருள்களில் பல, நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் வெளிவராமல் ஒரு சிறு குழுவின் கையில் இருந்தது உண்மை, அந்தக் கோபம் நியாயமானது, அதற்கு ஒரு வண்ணம். தாமதத்துக்குக் காரணம் வாடிகனின் சதி என்று புத்தகம் சொல்வதற்கு இன்னொன்று. அதே 1991-ல் அமெரிக்காவின் ஹன்டிங்டன் நூலகம் சுருள்களின் படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது, திருச்சபையைக் கவிழ்க்கும் எதுவும் அதில் இல்லை.